கணக்கேடும் கொழுந்துக் கூடையும்

முயற்சியாண்மை என்றொரு சொல் நம் பாடசாலைகளில் வழங்குகின்றது. வணிகக் கல்வி கற்கும் மாணாக்கர் அதனை நாள்தோறும் உச்சரிக்கின்றனர். தமிழகத்தார் தொழில்முனைவு என்பதை நாம் ஈழத்தில் இவ்வாறு சொல்லுகின்றோம். இச்சொல்லை ஆக்கியவர் எவராயினும் தமிழறிந்தவர் என்பதில் ஐயமில்லை. ஈண்டு ஆண்மை என்பது ஆடவர் தன்மையைக் குறித்ததன்று; ஆளுந் தன்மையைக் குறித்தது. வேளாண்மை, தாளாண்மை முதலிய சொற்களில் வரும் ஆண்மையும் அப்பொருளதே. வள்ளுவப் பெருந்தகை ஆள்வினையுடைமை என்று ஓரதிகாரமே வகுத்தனர். ஆகவே, தன் முயற்சியைத் தானே ஆளுதல் முயற்சியாண்மை எனலாம்.

இப்பொருளை உளங்கொண்டு மலைநாட்டை நோக்குமிடத்து ஓர் உண்மை முகத்திலறைகின்றது. முயற்சிக்கு இங்கே குறைவில்லை. விடியற்பனியிலே பெரட்டுக்களத்துக்குச் சென்று, கூடையைத் தலையில் மாட்டி, செங்குத்தான மலையில் நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கும் பெண்ணினும் முயற்சியுடையார் யார்? ஆனால் அம்முயற்சியை ஆண்டவர் வேறொருவர். முயற்சி ஒருவரிடத்தும் ஆண்மை மற்றொருவரிடத்துமாக 150 ஆண்டுகளுக்கு மேற் கழிந்துவிட்டன.

அண்மையில் அட்டனில் உயர்தர வகுப்பில் வணிகம் பயிலும் மாணாக்கர் சிலர் என்னிடம் வந்தனர். இந்தியாவிற் கிறித்தவத் துறவியர் நடத்தும் வணிக முகாமைத்துவக் கல்லூரிகளைப் பற்றி எங்கோ படித்திருக்கின்றனர். “ஐயா, பாதர்மார் வியாபாரம் படிப்பிப்பது எதற்கு? கோயிலுக்கும் கடைக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டனர். நான் சைவன், இலக்கண இலக்கியம் கற்பிப்பவன். எனினும் வினா நல்ல வினா. அதனை நம் மலைகளின்மேல் வைத்து ஆராய்வது தகுமென்று தோன்றியமையால் இதனை எழுதலுற்றேன்.

தோட்டம் என்பதை நம்மிற் பலர் ஊர் என்று கருதுகின்றனர். பிறந்து, வாழ்ந்து, மாளும் இடமாதலால் அவ்வாறு கருதுவது இயல்பே. உண்மையில் அது ஒரு வியாபாரத் தாபனம். 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலை நட்ட காலந்தொட்டு அஃது அப்படியே. 1869 இற் கோப்பிச் செடியை இலைநோய் பற்றத் தொடங்க, அடுத்த இருபது ஆண்டுகளில் மலைகள் யாவும் தேயிலைக்கு மாறின. 1883 இற் கொழும்பில் ஏல விற்பனை தொடங்கிற்று. முதலீடு இலண்டனில், முகவர் கொழும்பில், துரை பங்களாவில், தொழிலாளி லயத்தில் என்று ஒரு பெரிய வணிக இயந்திரம் சுழன்றது. அவ்வியந்திரத்தின் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு புத்தகம் இருந்தது. செக்ரோல் என்பதொன்று, நிறுவைப் புத்தகம் என்பதொன்று, தொழிற்சாலைப் புத்தகம் என்பதொன்று. எவருடைய உழைப்பு அப்புத்தகங்களில் எழுதப்பட்டதோ அவர்க்கு அவற்றை வாசிக்கும் உரிமை இருந்ததில்லை.

இதற்குத் துண்டு முறையினும் சிறந்த சான்று வேண்டா. தொழிலாளி கங்காணிக்குப் பட்ட கடனை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிவிடுவர். அக்கடனை எந்தத் தோட்டம் கொடுத்துத் தீர்க்கின்றதோ அந்தத் தோட்டத்துக்கு ஆட்கள் போவர். துண்டிலே எழுதிய தொகை தன்னுடையதுதானா என்று கேட்கத் தொழிலாளிக்கு எழுத்தறிவில்லை. இருந்தாலும் துண்டு அவன் கையில் இல்லை. 1921 இலேதான் சட்டம் இம்முறையை ஒழித்தது. கணக்கு அடிமைத்தளையாகவும் ஆகும் என்பதை இந்நாட்டு வணிகவியற் பாடநூல்கள் ஏன் கூறாதொழிந்தன என்று நான் வியப்பதுண்டு.

கிறித்தவ சபையார் இம்மலைகளுக்கு வந்த கதை இத்தொழிலுடன் பிணைந்தது. 1854 இல் தோட்டத்துரைமார் சிலரின் பொருளுதவியோடு சர்ச் மிஷனரிச் சங்கத்தார் தொழிலாளர்க்கென ஓர் ஊழியத்தைத் தொடக்கினர். திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்தனர். லயத்து வாசலிலே எழுத்தும் எண்ணும் சொல்லிக் கொடுத்தனர். அவ்வூழியத்துக்கு அவர்கள் இட்ட பெயர் தமிழ்க் கூலி மிஷன். கூலி என்பது நம் மொழியிற் பழியற்ற சொல். செய்த வேலைக்குப் பெறும் ஊதியம். அது கப்பலேறி ஆங்கிலத்திற் புகுந்து, ஊதியத்தின் பெயர் ஆளின் பெயராகி, வசையாகித் திரும்பி வந்தது. நல்லெண்ணத்தோடு பள்ளி திறந்தவர்களும் அவ்வசையைப் பெயர்ப்பலகையில் எழுதினர். எழுத்தறிவித்தவர்க்கு நன்றியுடையேம், பெயரிட்டவர்க்கு அது கூறவியலாது.

1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் துரைமார்மேற் சுமத்திற்று. பெரும்பாலான தோட்டங்களில் ஓரறையும் ஓராசிரியருமாக அக்கல்வி பல்லாண்டு கிடந்தது. நகரங்களிலே நிலைமை வேறு. அட்டனில் மெதடிஸ்த சபையார் நிறுவிய ஹைலன்ட்ஸ் கல்லூரியும், கத்தோலிக்கர் நிறுவிய பாடசாலைகளும் ஆசிரியர்களையும் எழுதுவினைஞர்களையும் தொழிற்சங்கத் தலைவர்களையும் தந்தன. 1960 இல் உதவி பெறும் பாடசாலைகள் அரசுடைமையாகத் தொடங்கின. தோட்டப் பாடசாலைகளோ 1977 முதற்றான் அரசின் கைக்கு வந்தன. இத்தனை காலமும் அக்கல்வி ஆக்கியது யாரை என்று கேட்டால் விடை தெளிவானது: கணக்கப்பிள்ளையை. பிறருடைய கணக்கைப் பிழையின்றி எழுதக் கற்பித்தார்கள். தன் கணக்கைத் தான் எழுதவும், பிறர் எழுதிய கணக்கைத் தான் கேட்கவும் எவரும் கற்பிக்கவில்லை.

எவரும் என்றது சற்று மிகை. ஒருவர் இருந்தார், அவர் கிறித்தவருமல்லர். தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யரைத் தொழிற்சங்க முன்னோடி என்றே நாம் போற்றுகின்றோம். அவர் இங்கு வருமுன் வர்த்தகமித்திரன் என்னும் வணிக இதழை நடத்தியவர் என்பது பலர்க்குத் தெரியாது. அயலார் தோட்டத்துட் புகுதல் தடைசெய்யப்பட்டிருந்த காலத்திலே புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குச் சென்று தொழிலாளர் நிலையைக் கண்டறிந்தார். 1931 இல் அட்டனிலே தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். வணிகம் எழுதியவர் தொழிலாளர் தலைவரானார் என்பதை ஒரு விந்தையாகச் சொல்லுவர். எனக்கு அதில் விந்தை தோன்றவில்லை. கணக்கறிந்தவனுக்கே கணக்கிலுள்ள கள்ளம் தெரியும்.

என் மாணவி ஒருத்தியைப் பற்றியும் கூறவேண்டும். தாய் 20 ஆண்டுக்கு மேலாகக் கொழுந்து பறிப்பவர். மாதந்தோறும் கிடைக்கும் சம்பளச் சீட்டை மடித்து அரிசிப் பானைக்குள் இட்டு வைப்பது அவர் வழக்கம். மகள் சாதாரண தரத்தில் வணிகமும் கணக்கீட்டுக் கல்வியும் என்ற பாடத்தை எடுத்தாள். ஓரிரவு அச்சீட்டுக்களை விரித்து வைத்துத் தாய்க்கு ஒவ்வொரு வரியாக வாசித்தாளாம். ஊழியர் சேமலாப நிதிக்கு இவ்வளவு, சங்கத்துக்கு இவ்வளவு, முற்பணத்துக்கு இவ்வளவு என்று வாசித்து வருகையில், எந்நாளோ கட்டித் தீர்ந்த கடனொன்று மூன்று மாதமாக இன்னும் கழிக்கப்படுவது தெரிந்தது. தாய் மறுநாள் அலுவலகத்துக்குச் சென்றார், கேட்டார், பணம் திரும்பிற்று. தொகை சிறிது. ஆனால் அத்தாய் அதன்பின் சீட்டைப் பானைக்குள் இடுவதில்லை. நானறிந்த வணிகக் கல்வியின் பயன்களுள் இதுவே தலையாயது.

இனி மாணாக்கரின் வினாவுக்கு வருவோம். துறவியர் வணிகம் கற்பிக்கத் தலைப்பட்டது எதனால்?

1891 இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலைபற்றி ஒரு சுற்றுமடல் விடுத்தார். உடைமைக்கு உரிமை உண்டு. ஆனால் உழைப்பைச் சரக்காக மட்டும் கருதி விலைபேசுதல் கூடாது. தொழிலாளி குடும்பத்தோடு வாழத்தகும் ஊதியம் நீதியின்பாற்பட்டது என்பன அதன் கருத்துக்கள். அம்மடல் உரோமையில் வெளிவந்த அதே ஆண்டில் நம் மலைகளில் துண்டு முறை செழித்திருந்தது என்பதை நினைவிற் கொள்க. அக்கருத்துக்கள் கற்பிக்கப்படும் கல்வியாக மாறச் சில தலைமுறை சென்றது. 1949 இல் ஜாம்ஷெட்பூரில், எஃகு ஆலைகளின் நடுவே, இயேசு சபைத் துறவியர் ஒரு நிலையத்தை நிறுவினர். இன்று இந்தியாவின் முதன்மையான முகாமைத்துவக் கல்லூரிகளுள் ஒன்றாக அது விளங்குகின்றது. அதன் பெயரை நோக்குங்கள்: சேவியர் தொழிலாளர் உறவு நிலையம். இலாபத்தையன்று, தொழிலாளரோடுள்ள உறவையே பெயரில் வைத்தனர். முப்பதாண்டு கழித்து 1979 இல், சென்னை நுங்கம்பாக்கத்து இலொயோலாக் கல்லூரியிலே வணிக நிருவாக நிலையம் தோன்றிற்று. பட்டதாரிகளே அங்கு முகாமைத்துவம் பயில்கின்றனர். அறவியலும் பாடத்திட்டத்துள் அடங்கும். அங்குப் பயின்று வெளியேறுவோர் பெரும்பாலும் வங்கிகளுக்கும் பெருங்கம்பனிகளுக்கும் செல்லுகின்றனர் என்பதும் உண்மையே. கல்லூரி எண்ணியதை மாணாக்கர் எல்லாரும் எண்ணுவாரென்று எதிர்பார்த்தல் நியாயமன்று. தமிழ்ப் பண்டிதர் வகுப்பிலிருந்தும் எல்லாரும் புலவராய் வெளிவருவதில்லை.

அவர்கள் கற்பிக்கும் அறத்தின் மூலக்கருத்தைத் தமிழ் விவிலியத்தின் ஒரு சொல் நன்கு காட்டும். உக்கிராணக்காரன் என்பது அச்சொல். உக்கிராணமாவது பண்டசாலை, கோயில்களிலும் சத்திரங்களிலும் அரிசியும் நெய்யும் வைக்கும் அறைக்கு அப்பெயர் இன்றும் உண்டு. திறவுகோல் உக்கிராணக்காரனிடம் இருக்கும், பண்டம் அவனுடையதன்று. ஒருநாள் எசமான் கணக்குக் கேட்பான். செல்வமுடையார் அனைவரும் உக்கிராணக்காரரே என்பது கிறித்தவர் கொள்கை. பழந்தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பாளரின் சொல்லாட்சியில் இத்தகைய நயங்கள் பலவுண்டு. யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியாரின் மொழிபெயர்ப்புக்கு நம் ஆறுமுக நாவலரே துணைநின்றார். அவர் வெஸ்லியன் பள்ளியில் மொழிபெயர்ப்புப் பணி மட்டுமா கற்றார்? பாடசாலை நடத்துவதும், அச்சியந்திரம் வாங்கிப் புத்தகம் பதிப்பிப்பதும், ஊர் மக்களிடம் நிதி திரட்டிக் கணக்கொப்புவிப்பதும் அங்கே கண்டறிந்தவை. 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையும் அடுத்த ஆண்டில் அச்சுக்கூடமும் கண்டார். கிறித்தவரிடம் கற்ற முயற்சியாண்மையைச் சைவத்துக்கு ஆக்கிய பெருந்தகை அவர். ஆதலின் இவ்விடயத்தில் நாம் கூச்சப்படத் தேவையில்லை.

வணிகத்தில் நடுநிலை நமக்கும் புதிதன்று. நடுவு நிலைமை அதிகாரத்தை வள்ளுவர் வாணிகரைச் சுட்டியே முடிக்கின்றார். காவிரிப்பூம்பட்டினத்து வாணிகர் கொள்வதை மிகையாகக் கொள்ளார், கொடுப்பதைக் குறைத்துக் கொடார் என்று பட்டினப்பாலை புகழ்கின்றது. மேலைநாட்டிற் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர் இந்நெறியைக் கடைப்பிடித்தே செல்வராயினர். அவர்களை ஆங்கிலப் பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே வணிகத்திற் புகுந்தனர். பேரம் பேசாது ஒரே விலை சொல்லினர். தேயிலைக்கும் அவர்களோடு தொடர்புண்டு. தேயிலையில் வேறு இலைகளைக் கலந்து விற்ற காலத்தில், 1826 அளவில், ஜோன் ஹோனிமன் என்ற குவேக்கர் நிறை குறித்து முத்திரையிட்ட பொதிகளில் அதனை விற்கத் தொடங்கினார். கலப்பில்லை, நிறை குறையில்லை என்ற நம்பிக்கையையே அவர் விற்றார். இலண்டனில் வாங்குவோர்க்கு நிறை சரியாகக் கிடைத்தது நல்லதே. மலையில் நிறுப்போர்க்கு? கூடைக்கு ஒரு கழிவு, இலையிலுள்ள ஈரத்துக்கு ஒரு கழிவு என்று தராசடியில் நடக்கும் வழக்கு மலைநாட்டில் எல்லாரும் அறிந்தது.

கிறித்தவ வணிகக் கல்வி நூல்களில் அடிக்கடி எடுத்தாளப்படும் உவமை தாலந்துகளின் கதை. எசமான் ஒருவன் ஊழியர் மூவரிடம் ஐந்து, இரண்டு, ஒன்று எனத் தாலந்துகளைக் கொடுத்துச் செல்கின்றான். இருவர் வியாபாரஞ் செய்து இருமடங்காக்கினர். மூன்றாமவன் புதைத்து வைத்துத் திட்டு வாங்கினான். முதலீடு, துணிவு, ஆதாயம் ஆகிய மூன்றும் இக்கதையில் இருத்தலால் வணிக ஆசிரியர்க்கு இது கரும்பாக இனிக்கின்றது. ஒரு தாலந்து எவ்வளவென்று கணக்கிட்டுப் பார்த்தவர் சிலரே. அஃது ஏறத்தாழ 6000 நாட் கூலி. 2021 இல் நம் தோட்டங்களுக்குச் சம்பள நிர்ணய சபை விதித்த 1000 ரூபா நாட்சம்பளத்தின்படி 60 இலட்சம் ரூபா. இருபது ஆண்டு ஒருநாளும் தவறாது மலையேறியவள், ஒரு சதமும் செலவிடாதிருந்தால், ஒரு தாலந்து சேர்ப்பாள். புதைக்கவும் கையில் ஒன்றுமில்லாதவரிடம் போய், ஏன் புதைத்தாய் என்று கேட்பது பொருந்துமா?

ஆகவே மலைநாட்டில் இக்கல்வி வேறோர் உவமையிலிருந்து தொடங்கவேண்டும் என்பது என் கருத்து. மத்தேயு நூலின் இருபதாம் அதிகாரத்திலே திராட்சத் தோட்டத்தின் கதை வருகின்றது. தோட்டம் என்ற சொல்லே நம்மவர்க்கு நெருக்கம். வீட்டெசமான் விடியற்காலையிற் சென்று ஒரு நாளைக்கு ஒரு பணம் என்று பேசி ஆட்களை அழைக்கின்றான். மூன்றாம் மணியிலும் ஆறாம் மணியிலும் ஒன்பதாம் மணியிலும் மீண்டும் போகின்றான். மாலை சாயும் வேளையிலும் சந்தைவெளியிற் சிலர் நிற்கக் காண்கின்றான். ஏன் சும்மா நிற்கின்றீர் என்று கேட்க, எங்களை வேலைக்கு அழைத்தவர் இல்லை என்கின்றனர். அவர்களையும் தோட்டத்துக்கு அனுப்புகின்றான். பொழுது சாய்ந்ததும் காரியக்காரனைக் கொண்டு அனைவர்க்கும் ஒரே பணம் கொடுக்கின்றான். விடிய வந்தோர் முணுமுணுக்கின்றனர்.

இக்கதையைக் கணக்கீட்டு ஆசிரியரிடம் கொடுத்தால் தலையிலடித்துக்கொள்வார். உழைத்த நேரத்துக்கும் கொடுத்த ஊதியத்துக்கும் இயைபேயில்லை. ஆனால் அரைப்பேர் என்ற சொல்லை அறிந்தவர்க்கு இக்கதை வேறாகக் கேட்கும். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பேர் என்று பெயர். குறித்த கிலோ கொழுந்து பறித்தால் ஒரு பேர் விழும். தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் அந்தக் கிலோ மாறும். குறைந்தால் அரைப்பேர். மழை பெய்து கொழுந்து வழுக்கினாலும், வெயிலடித்துச் செடி காய்ந்தாலும், கவ்வாத்து வெட்டாது மலை காடாகிக் கிடந்தாலும், எடை குறைந்த குற்றம் பறித்தவளுடையதே. முழுநாளும் மலையில் நின்றவளைப் பாதியாளாக எழுதும் கணக்கு அது. திராட்சத் தோட்டத்து எசமான் செய்தது நேர்மாறு. ஒரு மணிநேரம் நின்றவனையும் முழு ஆளாக எழுதினான். பணம் என்பது அந்நாளில் ஒரு குடும்பம் ஒருநாள் உண்பதற்கான அளவு. வேலை பாதியாகலாம், வயிறு பாதியாகாது என்பதே அவன் கணக்கு.

விடிய வந்தோரின் முணுமுணுப்பையும் நான் தள்ளமாட்டேன். அதில் நியாயமுண்டு. அதிகம் உழைத்தவனுக்கு அதிகம் வேண்டும் என்பது எந்தத் தொழிற்சங்கமும் சொல்லக்கூடியதே. 1000 ரூபாச் சம்பளம் விதிக்கப்பட்டபோது கம்பனிகள் நீதிமன்றம் சென்றன, தங்களாற் கட்டுப்படியாகாதென்றன. தேயிலையின் உற்பத்திச் செலவு கென்யாவினும் நம் நாட்டில் மிகுதி என்பதும் பொய்யன்று. இத்தனை பக்கங்களும் உடைய சிக்கலை எடுத்து வைத்து, நீ எசமானானால் என்ன செய்வாய், காரியக்காரனானால் என்ன செய்வாய், அரைப்பேர் விழுந்தவளானால் என்ன கேட்பாய் என்று பட்டதாரி மாணாக்கரிடம் வினவும் வகுப்பே உண்மையான வணிக வகுப்பு. மாலையில் சந்தைவெளியில் நின்றவரைப் போல, பட்டம் பெற்றும் அழைப்பாரின்றி நிற்கும் மலைநாட்டிளைஞர் பலர் அவ்வகுப்பில் இருப்பர்.

நம் நாட்டிலேயே கிறித்தவ நெறியை வணிகத்தில் வெளிப்படையாகப் பேசிய ஒருவரைக் குறிப்பிடாது விடலாகாது. டில்மா தேயிலையை நிறுவிய மெரில் ஜே. பெர்னாண்டோ 1930 இல் நீர்கொழும்புப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்தவர். இளமையில் இலண்டனிலே தேயிலைச் சுவை காணும் தொழில் பயின்றார். இலங்கைத் தேயிலை மூலப்பொருளாகப் போய், அங்கே பிறநாட்டுத் தேயிலையோடு கலக்கப்பட்டு, அயலார் பெயரில் விலையேறுவதைக் கண்டார். விளையும் நாட்டிலேயே பொதிசெய்து சொந்தப் பெயரில் விற்பேன் என்ற உறுதி பூண்டு, பல்லாண்டு காத்திருந்து, 1980 களில் தம் மைந்தர் இருவர் பெயரையும் இணைத்த வணிகப் பெயரோடு அவுஸ்திரேலியச் சந்தையில் இறங்கினார். வணிகம் மானிட சேவைக்கு ஒரு வழி என்பது அவர் கொள்கை. ஆதாயத்தில் ஒரு பகுதியை அறக்கட்டளைக்கு ஒதுக்கினார். 2023 ஜூலையில் மறைந்தார். பெயர் என்பதன் பெறுமதியை அவர் வணிக உலகுக்குக் கற்பித்தார். விளைந்த மண்ணின் பெயர் பொதியில் இருக்கவேண்டும் என்ற அவர் வாதம் பெரிது. ஆயினும் பறித்தவளின் பேர் பாதியாகுமா முழுதாகுமா என்பது அறக்கட்டளையால் தீரும் வினாவன்று. கொடை வேறு, பங்கு வேறு. இரண்டையும் ஒன்றாக மயங்குவது செல்வர் எல்லாரிடத்தும் காணும் குணம். அவரை மட்டும் குறை கூறல் தகாது.

பங்கு எவ்வாறு பிறக்கும் என்பதற்கு மலைநாட்டை ஒத்த ஒரு மலைநாட்டிற் சான்றுண்டு. ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் மக்கள் வாழும் பள்ளத்தாக்கில் மொந்திராகோன் என்றொரு சிற்றூர். உள்நாட்டுப் போர் முடிந்து வறுமை வாட்டிய 1941 இல் அரிஸ்மென்டியரியேட்டா என்ற இளங் குருவானவர் அவ்வூருக்கு அனுப்பப்பட்டார். பிரசங்கத்தில் வல்லவரல்லர் என்பர். 1943 இல் ஊராரிடம் காசு திரட்டி ஒரு தொழிற்பள்ளி தொடங்கினார். அப்பள்ளியிற் படித்து, பின் தொலைவிலுள்ள சரகோசாப் பல்கலைக்கழகத்துத் தேர்வுகளும் எழுதித் தேறிய ஐந்து இளைஞர் 1956 இல் எண்ணெயடுப்புச் செய்யும் சிறு தொழிற்கூடத்தைக் கூட்டுறவாக நிறுவினர். ஆளுக்கு ஒரு வாக்கு, தொழிலாளியே உடைமையாளன், மேலதிகாரியின் சம்பளம் கீழுள்ளவருடையதிற் சில மடங்குக்கு மேற் போதலாகாது. 1959 இற் குருவானவரின் தூண்டுதலால் ஒரு கூட்டுறவு வங்கி எழுந்தது. ஊராரின் சிறுசேமிப்பு ஊரிலேயே புதிய தொழிலுக்கு முதலாயிற்று. இன்று அக்கூட்டுறவுகளில் ஏறத்தாழ 70,000 பேர் தொழில் செய்கின்றனர். பழைய தொழிற்பள்ளியின் வழிவந்த மொந்திராகோன் பல்கலைக்கழகம் 1997 இல் உருவாகி, முயற்சியாண்மையைப் பட்டப்படிப்பாகக் கற்பிக்கின்றது. எல்லாம் வெற்றி என்றும் எண்ணற்க. அந்த முதற் கூடத்தின் வழிவந்த பெரிய தொழிற்சாலை 2013 இல் முறிந்தது. முறிந்தபோது வேலையிழந்தோரிற் பலரை ஏனைய கூட்டுறவுகள் ஏற்றுக்கொண்டன என்பது கவனிக்கத்தக்கது.

இங்கே பள்ளி முதலில் வந்தது, தொழில் பின்னர் வந்தது, பல்கலைக்கழகம் கடைசியில் வந்தது. நம்மவர் பல்கலைக்கழகத்தை முதலில் கேட்கின்றனர்.

தமிழ் மண்ணிலும் அத்தகைய விதை ஒன்று முன்பே விழுந்ததுண்டு. 1819 இன் இறுதியில் நாகர்கோவிலுக்கு வந்த இலண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மோல்ட் அம்மையார் ஏழைச் சிறுமியர்க்கு இழைப்பின்னல் கற்பித்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்த காலம் அது. பின்னிய இழைக்குக் கிடைத்த காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலைகொடுத்து வாங்கிய பெண்கள் இருந்தனர். சொந்த முயற்சியை ஆண்ட அவர்களினும் முயற்சியாண்மைக்கு மேலான உதாரணத்தை எந்தப் பாடநூலிலும் நான் காணவில்லை.

மலைநாட்டிற் கிறித்தவர் சிலர் இத்திசையில் நடந்திருக்கின்றனர். ஒக்ஸ்போர்டிற் கற்ற இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் அடிகள் 1972 இற் கண்டியிற் சத்தியோதயம் என்னும் நிலையத்தை நிறுவினார். குடியுரிமையிழந்து, காணி சீர்திருத்தக் காலத்தில் பட்டினியும் கிடந்த தோட்ட மக்களிடையே சிங்களவரும் தமிழரும் கூடிப் பணிபுரிய அது களமாயிற்று. தோட்டப் பொருளாதாரம் பற்றி அவர் எழுதியும் பேசியும் வந்தார். 2017 இல் அவர் மறையும் வரை, தோட்டத் தொழிலாளியை இரக்கத்துக்குரியவனாகவன்றி உரிமைக்குரியவனாகவே கண்டார்.

உரிமை என்றதும் நிலம் நினைவுக்கு வருகின்றது. இலங்கைத் தேயிலையின் பெரும்பகுதியை இன்று விளைவிப்போர் பெருந்தோட்டக் கம்பனிகளல்லர், சிறுதோட்ட உடைமையாளர். காலி, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களிற் சொந்தக் காணியில் தேயிலை வளர்த்துக் கொழுந்தைத் தொழிற்சாலைக்கு விற்கின்றனர். ஐந்து தலைமுறையாகத் தேயிலை வளர்த்தவர் மலைநாட்டில் ஒரு பேர்ச்சுத் தேயிலைக்கும் உடையவரல்லர். அண்மைக் காலத்திற் சில கம்பனிகள் செடிகளைப் பகுத்துக் குடும்பங்களிடம் பராமரிக்கக் கொடுத்துக் கொழுந்துக்கு விலை கொடுக்கும் முறையைத் தொடங்கியுள்ளன. அது நன்மையோ தீமையோ என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைப் பொறுத்தது. விலை எவ்வாறு கணிக்கப்படும், உரத்தின் செலவு யாருடையது, செடி பட்டால் நட்டம் யாருக்கு, இறந்தபின் உரிமை யாருக்கு என்று வாசித்தறிந்து கேட்கத்தக்கவர் ஒப்பமிடவேண்டும். வாசியாது இட்டால் அது புதுத் துண்டு.

எனவே சபையாரோ வேறெவரோ அட்டனிலும் நுவரெலியாவிலும் பட்டதாரிகளுக்கு வணிகக் கல்வி தர முன்வருவாராயின், கூட்டுறவுச் சட்டமும் ஒப்பந்த வாசிப்பும் தேயிலை ஏலத்தின் விலைக் கணிப்பும் முதலாண்டிலேயே இடம்பெறவேண்டும். வாரத்தில் ஒருநாள் மாணாக்கர் லயத்துக்குச் சென்று சம்பளச் சீட்டுக்களை வாசித்துக் காட்டவேண்டும். அப்படிச் செல்பவர் அங்கே ஒரு கணக்கேட்டைக் காண்பர். ஏறத்தாழ எல்லாத் தோட்டங்களிலும் மரண சகாய சங்கம் உண்டு. சாவு விழுந்தால் பெட்டிக்கும் பந்தலுக்கும் உதவ மாதந்தோறும் ஆளுக்குச் சிறு தொகை சேர்ப்பர். செயலாளர், தனாதிகாரி, கூட்டக்குறிப்பு எல்லாம் உண்டு. பாடசாலை அப்பியாசக் கொப்பியிலே கோடு கிழித்து எழுதிய அக்கணக்கைத் தொழிலாளர் தாமே எழுதித் தாமே வாசித்துத் தாமே ஆண்டுதோறும் சபையிற் கேட்கின்றனர். துரையின் கையெழுத்து அதில் இல்லை. அந்தக் கொப்பியை முதற் பாடநூலாகக் கொண்டு வகுப்பைத் தொடங்கலாம். இடமும் தேட வேண்டியதில்லை. பிள்ளைக் காம்பரா மாலை ஐந்து மணிக்குப் பின் வெறுமையாகத்தான் கிடக்கின்றது.